மெனோபாஸுக்கு ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் முகமும் கழுத்தும் குப்பென்று சூடேறுகின்றன. நடு இரவில் உடை நனைந்து விழிப்பு வருகிறது. தூக்கம் போகிறது, அதன் பின்னால் பொறுமையும் போகிறது. டாக்டர் ஹார்மோன் எழுதித் தருகிறார். "அதெல்லாம் கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடும்" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே கிடக்கிறது. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்: வருமா, வராதா?

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததுதான் இதில் உள்ள தொல்லை. "ஹார்மோன் சிகிச்சை" என்று ஒரு தனி மருந்து கிடையாது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தருவது ஒரு வகை. அதோடு புரோஜெஸ்ட்டிரோனையோ அதைப் போன்ற செயற்கை மருந்தையோ (புரோஜெஸ்டின்) சேர்த்துத் தருவது இன்னொரு வகை, அதாவது சேர்க்கை மருந்து. பெண்ணுறுப்பில் மட்டும் வைக்கும் கிரீம் மூன்றாவது வகை. கேன்சரும் ஒன்றல்ல. கருப்பையைப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றுகிற மருந்தே மார்பகத்தில் ஆபத்தைக் கூட்டுகிறது. எந்த மருந்து, கருப்பை இருக்கிறதா, எந்த வயதில் தொடக்கம், எத்தனை வருடம் என்ற நான்கும் தெரியாமல் யாராவது "வரும்" என்றோ "வராது" என்றோ அடித்துச் சொன்னால், அவர் வேறு ஒருத்தியின் பதிலை உங்களுக்குச் சொல்கிறார்.

இந்தச் சிகிச்சையை எதற்காகத் தருகிறார்கள்?

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. பெரும்பாலும் 45-க்கும் 55-க்கும் இடையில் நடக்கும். சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைத்துவிடுவதால் உடல் சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை, பெண்ணுறுப்பு வறட்சி, எலும்பு மெலிவு ஆகியவை வரிசையாக வருகின்றன. குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சமாகத் திருப்பித் தருவதுதான் சிகிச்சை. சூடேறும் தொல்லைக்கு இதைவிடப் பலனுள்ள மருந்து இன்னும் வரவில்லை. எத்தனை தடவை சூடேறுகிறது என்பதை முக்கால் பங்கு வரை குறைத்துவிடுகிறது.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: அடிக்கடி சூடேறும் பெண்களுக்கு அந்தத் தொல்லை சராசரியாக ஏழு வருடத்துக்கும் மேல் நீடிக்கிறது.

டாக்டர் எடுத்தவுடன் "கர்ப்பப்பை இருக்கா, எடுத்தாச்சா?" என்று கேட்டார். கேன்சருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மிக நெருங்கிய தொடர்பு. அவர் கேட்டது இந்த விஷயத்தின் முதல் கேள்வி.

மாதாமாதம் கருப்பையின் உட்சுவரை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜனின் வேலை. வளர்ந்ததை அடக்கி, உரித்து வெளியேற்ற வைப்பது புரோஜெஸ்ட்டிரோனின் வேலை. முன்னது மட்டும் இருந்து பின்னது இல்லாவிட்டால் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அந்தத் தடிப்பில் சில செல்கள் தடம் மாறிப் புற்றாகலாம்.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. கருவுற்ற பெண் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் 1942-இல் விற்பனைக்கு வந்தது. 1960-களில் "இளமையைக் காக்கும் மாத்திரை" என்ற பெயரில் லட்சக்கணக்கான பெண்கள் அதை விழுங்கினார்கள், துணைக்குப் புரோஜெஸ்ட்டிரோன் இல்லாமலே. 1975-இல் ஒரே இதழில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், அப்படி எடுத்தவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் வருவதைக் காட்டின. விற்பனை சரிந்தது, கொஞ்ச நாளில் நோயும் குறைந்தது.

கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்தையும் கட்டாயம் தரும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. துணை மருந்தை ஒழுங்காக எடுத்தால் கருப்பைப் புற்று ஆபத்து கூடுவதில்லை. தினமும் இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு, ஒன்றுமே எடுக்காதவர்களைவிடச் சற்றுக் குறைவாகக்கூட இருக்கிறது. கருப்பையை அறுவை செய்து எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

"இந்த ரெண்டாவது மாத்திரை போட்டா வயிறு உப்புது, மனசு சரியில்லை, அதனால அதை மட்டும் விட்டுட்டேன்" என்று சொல்பவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லா ஆபத்துகளிலும் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியது இதுதான். விடுவதாக இருந்தால் இரண்டையும் விடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உட்சுவரைக் காக்கும்.

2002-இல் ஏதோ பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்களாமே?

ஆமாம். இன்று நாம் கேள்விப்படும் பயத்தில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்கியது.

அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நடத்திய "விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்" ஆய்வு அது. 50 முதல் 79 வயது வரையிலான, கருப்பை உள்ள 16,608 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. உண்மையில் இந்த ஆய்வின் நோக்கம், ஹார்மோன் மாரடைப்பைத் தடுக்கிறதா என்று பார்ப்பது. எட்டரை வருடம் நடத்தத் திட்டம். ஆனால் ஐந்து வருடம் கடந்த நிலையில், 2002 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். மாரடைப்பு குறையவில்லை, கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தது.

மறுநாள் செய்திகளில் வந்தது ஒரே எண்: மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம். உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். அடுத்த சில வருடங்களில் ஹார்மோன் மருந்துச்சீட்டுகள் பாதியாகக் குறைந்தன.

26 சதவீதம் என்றால் நூற்றில் 26 பேருக்கு வரும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு தவறான வாசிப்பு எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்தது என்பதற்குக் கணக்கே கிடையாது.

வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10,000 பேருக்கு வருடத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. முப்பதின் மேல் எட்டு என்பது சதவீதக் கணக்கில் 26 சொச்சம். ஆள் கணக்கில், பத்தாயிரம் பேருக்கு வருடத்துக்கு எட்டுப் பேர் கூடுதல். இரண்டு எண்களும் உண்மை. முதலாவது தலைப்புக்கு உதவும், இரண்டாவது முடிவெடுக்க உதவும்.

பிரிட்டனில் டாக்டர்கள் காட்டும் ஒப்பீடு ஒன்று உண்டு. 50 முதல் 59 வயதுக்குள் இருக்கும் 1000 பெண்களை ஐந்து வருடம் பார்த்தால், எதுவும் எடுக்காமலே 23 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். சேர்க்கை ஹார்மோன் எடுத்தால் இன்னும் 4 பேர். தினமும் மது அருந்தும் பழக்கம் இருந்தால் இன்னும் 5 பேர். உடல் பருமன் இருந்தால் இன்னும் 24 பேர். எட்டு வருடமாக ஏறிய எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத குடும்பம், ஆறு மாத மாத்திரைக்குப் பதறுவதை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பருமன் உள்ளவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பயம் எங்கே போய்க் குவிகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் குறையும் என்று படித்தேன். நம்பலாமா?

பாதி நம்பலாம். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், கருப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தார்கள். பக்கவாதம் கூடியதால் 2004-இல் அதையும் முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இருபது வருடத்துக்கு நெருக்கமாகத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்ட கணக்கில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. அதனால் ஏற்பட்ட மரணங்களும் குறைந்திருந்தன.

மற்றோர் பக்கம், மாத்திரை எடுப்பவர்களைப் பின்தொடர்ந்து மட்டும் பார்த்த ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தாலும் சிறிய அளவில் கூடுகிறது என்கின்றன. மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்துத் தொடங்குவதும் நின்ற உடனே தொடங்குவதும் மார்பகச் செல்லுக்கு ஒன்றல்ல என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். எப்படிப் பார்த்தாலும் இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: சேர்க்கை மருந்தைவிட ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுப்பது மார்பகத்துக்குப் பாதுகாப்பானது. அதற்காகக் கருப்பை உள்ளவர் அதைத் தனியாக எடுக்கக் கூடாது; காரணம் மேலே சொன்ன 1975 கதை.

இப்போது "அந்த ஆய்வே தப்பு, ஹார்மோன் முழுக்கப் பாதுகாப்பானது" என்கிறார்களே?

ஊஞ்சல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிருக்கிறது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மெனோபாஸ் தொல்லைக்காக மருந்து கேட்டு வருபவர்களோ ஐம்பதை ஒட்டியவர்கள். ஆகவே அதில் தெரிந்த மாரடைப்பு ஆபத்தை அப்படியே ஐம்பது வயதுப் பெண்ணுக்குப் பொருத்தியது தவறு. மாதவிலக்கு நின்ற பத்து வருடத்துக்குள், 60 வயதுக்கு முன் தொடங்கினால் இதயக் கணக்கு வேறு.

ஆனால் "அவர்கள் எல்லாம் வயதானவர்கள்" என்ற வாதம் மார்பகத்துக்குச் செல்லாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. உலகெங்கும் நடந்த 58 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் தகவலை அலசி, 2019-இல் ஒரு முடிவு வெளிவந்தது. 50 வயதில் தொடங்கி ஐந்து வருடம் எடுத்தால், 50-இலிருந்து 69 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருபவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது இப்படி: எதுவும் எடுக்காதவர்களில் 6.3, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் 6.8, மாதத்தில் சில நாள் மட்டும் புரோஜெஸ்டின் சேர்த்தவர்களில் 7.7; தினமும் இரண்டையும் சேர்த்தவர்களில் 8.3. அதாவது தினசரிச் சேர்க்கையை ஐந்து வருடம் எடுக்கும் ஐம்பது பெண்களில் ஒருவருக்கு, எடுக்காமல் இருந்தால் வந்திருக்காத புற்றுநோய் வருகிறது. ஐம்பதில் ஒன்று சிறிய எண்தான். சுழி அல்ல.

இன்னொரு சான்றும் உண்டு. 2002-க்குப் பிறகு லட்சக்கணக்கானோர் மாத்திரையை விட்டதும், 2003-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய 7 சதவீதம் குறைந்தது. அதிகம் குறைந்தது ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம்; அதுவும் ஹார்மோனை உண்டு வளரும் வகைப் புற்றில். ஒரே வருடத்தில் குறைந்ததைப் பார்த்தால், ஏற்கெனவே உள்ளே இருந்த சிறு கட்டிகளை வளர்த்துவிடும் வேலையையும் மருந்து செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எத்தனை வருடம் எடுக்கலாம்? நிறுத்திவிட்டால் ஆபத்தும் போய்விடுமா?

ஒரு வருடத்துக்குள் நிறுத்தினால் கூடுதல் ஆபத்து மிகக் குறைவு. அதன் பிறகு வருடம் கூடக் கூட ஏறும். நிறுத்தியதும் பெருமளவு இறங்கும். ஆனால் முழுதாக மறைவதில்லை, நெடுநாள் எடுத்தவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேலும் மிச்சம் தெரிகிறது.

"ஐந்து வருடம்தான், அதற்கு மேல் கூடாது" என்று கல்வெட்டில் வெட்டிய விதி எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை டாக்டரோடு உட்கார்ந்து, தொல்லை இன்னும் இருக்கிறதா, அளவைக் குறைக்கலாமா, புதிதாக ஏதாவது நோய் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் நடைமுறை. படிப்படியாகக் குறைத்தாலும் ஒரேயடியாக நிறுத்தினாலும் கெடுதல் இல்லை. படிப்படியாகக் குறைத்தால் சூடு சட்டென்று திரும்பி வருவது கொஞ்சம் மட்டுப்படும்.

"இயற்கையான" புரோஜெஸ்ட்டிரோன் என்றால் கேன்சர் பயம் இல்லையா?

உடலில் சுரப்பதைப் போன்ற அதே மூலக்கூறு கொண்ட புரோஜெஸ்ட்டிரோனை நுண்துகளாக்கி மாத்திரையாகத் தருகிறார்கள். பிரான்சில் பல்லாயிரம் பெண்களைப் பின்தொடர்ந்த "ஈ3என்" ஆய்வில், ஈஸ்ட்ரோஜனோடு இதை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. செயற்கை வகைகளை எடுத்தவர்களுக்குக் கூடியது. நல்ல அறிகுறிதான். ஆனால் இது குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு அல்ல. நீண்ட நாள் எடுத்தால் இதிலும் ஆபத்து தலைகாட்டலாம் என்ற சந்தேகம் போகவில்லை. ஒப்பிட்டால் இது மேல் என்று சொல்லலாம், ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் நான் இதைத்தான் முதலில் கேட்பேன்.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று இருக்கிறது. "உங்கள் உடலுக்கென்றே கலந்து தருகிறோம், முழுக்க இயற்கை" என்று விற்கப்படும் தனிக்கலவைகளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. தோலில் தடவும் புரோஜெஸ்ட்டிரோன் கிரீமை நம்பி ஈஸ்ட்ரோஜன் எடுக்க வேண்டாம். அது கருப்பையைக் காக்கும் அளவுக்கு உள்ளே போகும் என்பதற்கு உறுதி இல்லை.

மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பேட்ச், ஜெல் என்றால் ஆபத்து குறையுமா?

ரத்தம் உறையும் ஆபத்து குறையும். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது. தோல் வழியாகப் போவது அந்தச் சுற்றைத் தவிர்க்கிறது. பருமன், ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு டாக்டர்கள் பேட்ச் எழுதுவது இதனால்தான். மார்பகப் புற்றைப் பொறுத்தவரை, எந்த வழியாகப் போனது என்பது பெரிய வித்தியாசம் செய்வதில்லை.

பெண்ணுறுப்பு வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் தந்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் கேன்சர் என்று போட்டிருக்கிறதே!

அந்தக் காகிதம் பல பெண்களை வீணாக அழவைத்திருக்கிறது. குறைந்த அளவுக் கிரீம், சிறு மாத்திரை, வளையம் இவற்றிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். 2019 அலசலிலும் இவற்றால் மார்பகப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இதற்குத் துணையாகப் புரோஜெஸ்ட்டிரோனும் வேண்டியதில்லை. வறட்சியும் சிறுநீர் எரிச்சலும் வருடக்கணக்கில் தானாகச் சரியாகாத தொல்லைகள். வெட்கத்தால் சொல்லாமலும், காகிதத்தைப் பார்த்துப் பயந்தும் இரட்டிப்பாகத் துன்பப்படத் தேவையில்லை.

மாத்திரைக்கு இருந்த எச்சரிக்கையை அப்படியே கிரீமுக்கும் அச்சடித்ததால் வந்த வினை இது. 2003-இலிருந்து கறுப்புக் கட்டத்துக்குள் போட்டுவந்த மார்பகப் புற்றுநோய், இதய நோய், மறதிநோய் எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில் அறிவித்தது. கிரீமுக்கு அது நியாயமான முடிவு. மாத்திரைக்கும் சேர்த்து நீக்கியது சரியா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உடல் முழுதும் பரவும் வகை ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுப்பதால் வரும் கருப்பைப் புற்று எச்சரிக்கையை மட்டும் அவர்கள் நீக்கவில்லை.

சினைப்பை, குடல், நுரையீரல்?

சினைப்பைப் புற்று சிறிதளவு கூடுகிறது: ஐம்பது வயதில் தொடங்கி ஐந்து வருடம் எடுக்கும் ஆயிரம் பேரில் ஒருவர் கூடுதல். பெருங்குடல் புற்று, சேர்க்கை மருந்து எடுத்தவர்களிடம் குறைவாகவே இருந்தது; அதற்காக யாரும் இதைத் தடுப்பு மருந்தாகத் தருவதில்லை. நுரையீரலில் புதிதாகப் புற்று வருவது தெளிவாகக் கூடவில்லை, ஆனால் அதனால் இறப்பவர்கள் சேர்க்கை மருந்துக் குழுவில் அதிகம் இருந்தார்கள். புகைப்பவர்கள் இதை இருமுறை படிக்கவும்.

உலகச் சுகாதார நிறுவனமே இதைப் புற்றுநோய்ப் பட்டியலில் முதல் பிரிவில் வைத்திருக்கிறதாமே?

வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் புகையிலையும் இருக்கிறது, மதுவும் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. "இது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது" என்பது மட்டுமே அந்தப் பிரிவின் பொருள். எத்தனை பேருக்கு உண்டாக்கும் என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. நான் எடுக்கலாமா?

அம்மாவுக்கு இருந்தது என்ற ஒரே காரணத்தால் கதவு மூடிவிடாது. உங்களுக்கு அடிப்படை ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஹார்மோன் அதன் மேல் தன் பங்கைச் சேர்க்கும். அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது, வேறு யாருக்கு வந்தது, சினைப்பைப் புற்று உண்டா என்பதையெல்லாம் எழுதி எடுத்துப் போங்கள். தேவையானால் மரபணுச் சோதனை சொல்வார்கள்.

மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்று ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருப்பது தெரிந்து, புற்று வராமல் இருக்க நாற்பதை ஒட்டிய வயதிலேயே சினைப்பைகளை எடுத்துவிட்டவர்களின் நிலை தனி. மார்பகப் புற்று வராதவர்களாக இருந்தால், இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயது வரை அவர்களுக்கு ஹார்மோன் தருவது வழக்கம். அதனால் ஆபத்து கூடியதாக இதுவரையிலான ஆய்வுகள் காட்டவில்லை.

எனக்கே மார்பகப் புற்றுநோய் வந்து குணமாகிவிட்டது. சூடு தாங்க முடியவில்லை.

இங்கே பதில் பொதுவாக "வேண்டாம்" என்பதுதான். ஸ்வீடனில் தொடங்கிய "ஹாபிட்ஸ்" ஆய்வில், மார்பகப் புற்றிலிருந்து மீண்டவர்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்களிடம் நோய் திரும்புவது மூன்று மடங்குக்கும் மேல் இருந்ததால் 2003-இல் நிறுத்திவிட்டார்கள். இன்னோர் ஆய்வில், ஹார்மோனைப் போலச் செயல்படும் டிபோலோன் என்ற செயற்கை மருந்தும் நோயைத் திருப்பிக் கொண்டுவந்தது.

உங்கள் சூட்டுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. மார்பகப் புற்று திரும்பாமல் இருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு எச்சரிக்கை: சூட்டைக் குறைக்கத் தரும் பராக்ஸடின், டமாக்சிஃபென் வேலை செய்வதைக் கெடுக்கும். வென்லஃபாக்ஸின் அவ்வளவு குறுக்கிடாது. வறட்சிக்கு முதலில் ஹார்மோன் இல்லாத ஜெல். அது போதாவிட்டால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் வைக்கலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஈஸ்ட்ரோஜனை அடியோடு குறைக்கும் அரோமடேஸ் தடுப்பு மாத்திரையில் இருப்பவர்கள் விஷயத்தில் அவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பார்கள்.

கருப்பைவாய்ப் புற்றில் பெரும்பாலான வகைக்கு ஹார்மோன் தடை இல்லை. கருப்பை, சினைப்பைப் புற்று வந்தவர்களுக்கு எந்த வகை, எந்த நிலை என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

எனக்கு 36 வயதிலேயே நின்றுவிட்டது. நானும் பயப்பட வேண்டுமா?

உங்களுக்குக் கணக்கு தலைகீழ். நாற்பதுக்கு முன்னால் சினைப்பை ஓய்ந்துவிட்டால், எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து: எலும்பு, இதயம் இரண்டும் சீக்கிரம் பழுதாகும். ஐம்பதை ஒட்டிய வயது வரை உடலில் இயல்பாக இருந்திருக்க வேண்டியதைத்தான் மருந்தாகத் தருகிறார்கள். மேலே உள்ள எண்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கானவை. அவற்றைப் படித்துவிட்டு நீங்கள் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஹார்மோன் இல்லாமலே சமாளிக்க வழி?

உண்டு. வென்லஃபாக்ஸின் போன்ற மருந்துகளும், கேபாபென்டினும் சூட்டைக் கணிசமாகக் குறைக்கும். மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்திலேயே வேலை செய்யும் ஃபெசோலினெடன்ட் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதே வழியில் செயல்படும் எலின்சனெடன்ட் 2025-இல் வந்தது. மனநல ஆலோசகர்கள் தரும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, சூடேறும் எண்ணிக்கையைவிட அது தரும் அவதியைக் குறைக்கிறது. மூலிகை மாத்திரைகளைப் பற்றி ஒரு வரி: செடியிலிருந்து வந்தது என்பதால் ஈஸ்ட்ரோஜன் குணம் இல்லை என்று ஆகாது. மார்பகப் புற்று வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

எடுக்கத் தொடங்கிவிட்டேன். எதைக் கவனிக்க வேண்டும்?

தொடங்கும் முன் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து, பிறகு உங்கள் வயதுக்குச் சொல்லப்பட்ட இடைவெளியில் தொடருங்கள். சேர்க்கை மருந்து மார்பகத் திசுவை அடர்த்தியாக்குவதால் படத்தில் சிறு கட்டி மறையலாம். "எதற்கும் இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்" என்ற அழைப்பும் கொஞ்சம் அடிக்கடி வரும். மருந்து எடுப்பதைப் படம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் திட்டுத்திட்டாக ரத்தம் படுவது சகஜம். அதற்கு மேலும் தொடர்ந்தால், அல்லது நின்றுபோயிருந்து திடீரென்று திரும்ப வந்தால், "மருந்தாலதான் இருக்கும்" என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனில் கருப்பை உட்சுவரின் தடிப்பை அளப்பார்கள். தடித்திருந்தால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். பத்து நிமிட வேலை. கருப்பை உட்சுவர்ப் புற்று பெரும்பாலும் ரத்தப்போக்கால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வளர்கிறது; அந்தக் கட்டத்திலேயே பிடித்தால் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும்.